வீட்டுக்கு வீடு கொடுக்கச் சொன்ன நோட்டீஸ்

போன வருஷம் கார்த்திகை மாசம், மாத்தளை மாவட்டத்துல யட்டவத்த பக்கம் ஒரு கொக்கோ தோட்டத்துல நடந்தது இது. இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல.

எனக்குத் தொழில் ஆட்டோ. கூரையில ரெண்டு ஸ்பீக்கர் பூட்டி வச்சிருக்கேன். செத்த வீடு, கோயில் திருவிழா, பள்ளிவாசல் அறிவிப்பு, பைப் தண்ணி வராத நாள், எதுவா இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. தமிழ், சிங்களம் ரெண்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நான் மைக்கைப் பிடிச்சா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் எழும்பி உக்காருவான்னு பீத்திக்குவேன். அவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு.

அந்த மாசம் ஒரு அலுவலகத்துல இருந்து மிஸ் ஒருத்தங்க என்னைத் தேடி வந்தாங்க. டிவியை டிஜிட்டலுக்கு மாத்துறாங்களாம். கூரையில அன்டெனா கட்டிப் பாக்குறவங்களுக்குக் குறிச்ச தேதியில படம் நின்னுரும், பழைய டிவியோட சின்னப் பெட்டி ஒண்ணு பூட்டணும், டிஷ் இருக்கிறவங்களுக்குப் பிரச்சினை இல்ல. இதை நான் தோட்டம் தோட்டமா அறிவிக்கணும். ஒரு கட்டு நோட்டீஸும் குடுத்தாங்க. மூணு மொழியில எழுதி, அன்டெனா படத்து மேல சிவப்புல பெருக்கல் குறி போட்டிருந்துச்சு. கீழ பெரிய எழுத்துல, படம் நின்றால் கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்ப வேண்டாம்னு இருந்துச்சு.

"மைக்ல சொன்னா மட்டும் போதாது. வீட்டுக்கு வீடு கையில குடுங்க. அன்டெனா இருக்கிற வீட்டுல நின்னு விளங்கப்படுத்துங்க"ன்னு மிஸ் சொன்னாங்க.

"சரி மிஸ், சரி மிஸ்"னு பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன்.

செய்யல. மேல் டிவிஷன்ல தொழிலாளிங்க வரிசை வீடு இருக்கிற லயத்துக்கு ஆட்டோ போகாது. ரோட்டுல இருந்து நாப்பது அம்பது படி ஏறணும். மழை வேற, காலெல்லாம் அட்டை கடிக்கும். யாரு ஏறுறது? கீழ ரோட்டுலயே நின்னு மூணு தரம் மைக்ல தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். நோட்டீஸ்ல பாதியைச் சந்திக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்பிடுறவர், அவர்கிட்ட குடுத்து, "வர்றவங்களுக்குக் குடுங்க நானா"ன்னேன். மீதியை சீட்டுக்கு அடியில தள்ளினேன். ரெண்டு நாள் கழிச்சு நானா அதுலயே எனக்கு வடை சுத்திக் குடுத்தாரு. நானும் சிரிச்சுக்கிட்டே தின்னேன்.

அந்த மேல் லயத்துல கடைசி வீட்டுல ஒரு டெய்லர் அண்ணனும் அவர் சம்சாரமும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் பிறவியிலயே காது கேக்காது, பேச்சும் வராது. ஊமை டெய்லர்னுதான் ஊரே கூப்பிடும், நானும் அப்பிடித்தான் கூப்பிட்டேன். இப்ப அந்தச் சொல்லு என் வாயில வர்றதில்ல. அவர் பஜார்ல ஒரு கடையில தைக்கிறவர். கீழ நின்னு அறிவிச்ச அன்னைக்கு நான் போட்டிருந்த சட்டையே அவர் தைச்சதுதான்.

அவங்க வீட்டுல பழைய பெட்டி டிவி, கூரையில அன்டெனா. செய்தி நேரத்துல மூலையில ஒரு அம்மா நின்னு கையால சொல்லுவாங்களே, அவங்களைப் பாத்துத்தான் அந்த ரெண்டு பேருக்கும் வெளியில நடக்கிறது தெரியும். அதுக்கு முந்தின வருஷம் லயத்துக்குப் பின்னால மண் சரிஞ்சு கோழிக்கூடு புதைஞ்சுபோச்சு. அதுல இருந்து மழை பெஞ்சா மண்சரிவு எச்சரிக்கை வருதான்னு டிவி முன்னாலயே இருப்பாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாம செஞ்சிருந்தா மனசாவது ஆறியிருக்கும்.

குறிச்ச நாள் வந்துச்சு. மூணு நாளா விடாம மழை. அன்னைக்குக் காலையில சிக்னல் நின்னுருச்சு. பத்து மணி போல கடைசித் தடவையா அறிவிக்கப் போனேன். லயத்துக்குக் கீழ ஆட்டோவை நிப்பாட்டி, மைக்கை எடுத்துக்கிட்டு மேல பாக்குறேன், டெய்லர் அண்ணன் தகரக் கூரை மேல நிக்கிறாரு!

காத்துல அன்டெனா திரும்பிருச்சுன்னு நினைச்சிருக்காரு பாவம். இந்தப் பக்கம் திருப்புறாரு, அந்தப் பக்கம் திருப்புறாரு. அவர் சம்சாரம், அந்த அக்கா, உள்ள போய் டிவியைப் பாக்குறாங்க, வாசலுக்கு வந்து இல்லைன்னு கையை ஆட்டுறாங்க, திரும்ப உள்ள போறாங்க. கடைசியில அவர் அன்டெனா நிக்கிற இரும்புக் குழாயோட கயித்தை அவுத்து, அதை அப்பிடியே தூக்கிக்கிட்டுக் கூரையோட அடுத்த மூலைக்கு நகர ஆரம்பிச்சாரு. அந்த மூலைக்கு மேலதான் பெரிய கரண்ட் கம்பி போகுது.

நான் மைக்கை வாயில வச்சேன். "அண்ணே! கம்பி! கம்பி! இறங்குங்க!" தமிழ்ல கத்தினேன், சிங்களத்துல கத்தினேன். வாழ்க்கையில அப்பிடி நான் கத்தினதே இல்ல. லயத்துல இருந்த சனம் மொத்தமும் வெளியில ஓடி வந்துருச்சு. அவர் மட்டும் திரும்பல. காது கேக்காத மனுஷனைப் பாத்து மைக்ல கத்துறோமேன்னு என் மண்டைக்கு உறைக்கவே இல்ல. மைக்கைத் தூக்கிப் போட்டுட்டு அப்பவே ஓடியிருந்தா, ஒரு கல்லை எடுத்துத் தகரத்துல எறிஞ்சிருந்தா, திரும்பிப் பாத்திருப்பாரு.

குழாய் கம்பியில பட்டுச்சு. வெடிச் சத்தம் கேட்டுச்சு. அவர் கொக்கோ மரங்களுக்கு நடுவுல போய் விழுந்தாரு.

அக்கா அப்பவும் உள்ள டிவியைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. வாசலுக்கு வந்து கூரையைப் பாத்தா ஆளைக் காணோம். சனம் ஓடுற திசையைப் பாத்துத்தான் அவங்களும் ஓடினாங்க.

நாலு பேர் அவரைச் சாக்குல வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. மூச்சு இருந்துச்சு. என் ஆட்டோவுலதான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழி நெடுக அக்கா என் தோளைத் தட்டித் தட்டிக் கையால என்னமோ கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. அங்க இருந்து அவரைக் கண்டிக்கு அனுப்பினாங்க. நானும் அக்காவை ஏத்திக்கிட்டுப் பின்னாலயே போனேன்.

மறுநாள் டொக்டர் என்னைக் கூப்பிட்டு, வலது கையைக் காப்பாத்த முடியாது, எடுக்கலைன்னா உயிருக்கு ஆபத்து, சம்சாரத்துக்கிட்ட சொல்லிக் கையெழுத்து வாங்கித் தாங்கன்னு சிங்களத்துல சொன்னாரு. எப்பிடிச் சொல்லுவேன்? அக்காவும் அண்ணனைப் போலவே எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பாங்க. பேப்பர் தேடி ஆட்டோவுக்கு ஓடி, சீட்டுக்கு அடியில கையை விட்டேன். வந்தது அந்த நோட்டீஸ்தான். பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. யோசிக்காம அதுலயே எழுதினேன்: "அண்ணனோட வலது கையை எடுக்கணும். எடுத்தாத்தான் உயிர் பிழைப்பாரு."

வாசிச்சாங்க. சுவத்துல சாஞ்சு அப்பிடியே தரையில உக்காந்துட்டாங்க. உக்காந்தபடியே அந்தப் பேப்பரைத் திருப்பினாங்க.

ஐயோ, அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. சிவப்புப் பெருக்கல் குறியைப் பாத்தாங்க. கூரையில் ஏற வேண்டாம்ங்கிறதை விரல் வச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாங்க. தேதியையும் வாசிச்சாங்க. அப்புறம் என்னை நிமிந்து பாத்தாங்க. செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும். நோட்டீஸை நாலா மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டு, டொக்டர் குடுத்த கடுதாசியில கையெழுத்துப் போட்டாங்க.

இப்ப அண்ணன் வீட்டுல இருக்காரு. தையல் போச்சு. அதைவிடக் கொடுமை, அவர் பேசுறது அந்த ரெண்டு கையாலதானே? ஒத்தக் கையால அவர் சொல்றது அக்காவுக்கே பாதிதான் விளங்குது. விளங்கலைன்னா அவருக்குக் கோவம் வந்து சுவத்துல மோதிக்கிறாரு. நான் என் கண்ணால பாத்தேன்.

ஊர்ல எனக்கு நல்ல பேரு. நேரத்துக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாத்தினவனாம். அண்ணனும் அப்பிடித்தான் நினைச்சுக்கிட்டிருக்காரு. ரோட்டுல என்னைக் கண்டா நின்னு, இடது கையை நெஞ்சுல வச்சுத் தலையைக் குனிவாரு. பக்கத்துல நிக்கிற அக்கா வேற பக்கம் பாப்பாங்க. அவங்க அவர்கிட்ட சொல்லல. ஏன் சொல்லலைன்னு கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல.

இப்ப நோட்டீஸ்னு வந்தா படியேறி வீட்டுக்கு வீடு போறேன். அதனால அவர் கை முளைக்கப் போறதில்ல. ஊருக்கே கேக்கிற மாதிரி எத்தனையோ விஷயம் சொன்னவன், இந்த ஒண்ணை அந்த ஒரு மனுஷன்கிட்ட சொல்லாம ஒளிஞ்சு திரியிறேன். அதான் எழுதிட்டேன். இது அச்சுல வந்தா நானே அண்ணன் கையில கொண்டுபோய்க் குடுத்து, அவர் எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த வாசல்லயே நிக்கணும். அதுக்கப்புறம் என்னைக் கண்டா அந்த இடது கையைத் தூக்குறதும் தூக்காததும் அவர் இஷ்டம்.