பசுமை வீரரின் ஃப்ளெக்ஸ்

பூமி சூடாகிக்கொண்டிருப்பதற்கு எங்கள் ஆபீஸ் பஸ்தான் காரணம் என்று நிர்வாகம் கண்டுபிடித்தது. ராமச்சந்திராபுரத்திலிருந்து மாதாப்பூர் வரை எங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும் அந்த பஸ் அடுத்த மாதத்திலிருந்து கிடையாது, இனி அவரவர் தமக்குத் தோதான பசுமை வழியில் வந்து சேரலாம் என்று மெயில் வந்தது. கீழே ஒரு உறுதிமொழி. ‘பூமிக்காக நான் எதை விட்டுக்கொடுப்பேன்?’ என்ற கேள்விக்கு எதிரே ஒரு காலிக் கட்டம். மே மாதத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விரல் விறைக்கும் ஏசியில் உட்கார்ந்து அதைப் படித்தோம்.

தியாகம் என்றால் எனக்கு ஒரு பலவீனம். வீட்டில் ஏற்கெனவே ஏசியை நிறுத்தியிருந்தேன். “உலகத்தக் காப்பாத்துங்க, வேண்டாங்கல. ஃபேனை மட்டும் விட்டு வைங்க” என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். கட்டத்தில் ‘சைக்கிளில் வருவேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

சந்தாநகர் தாண்டுவதற்குள் லாரிப் புகையில் முகம் கறுத்துவிடும். கொண்டாப்பூர் மேட்டில் நாக்குத் தள்ளும். ஆபீஸுக்குள் நுழையும்போது சட்டையைப் பிழியலாம். குளிக்க இடம் கேட்டேன். தண்ணீர்ச் சிக்கனம் என்றார்கள். ஈரச் சட்டையோடு அந்தக் குளிரில் உட்கார்ந்ததில் தும்மல் பிடித்துக்கொண்டது. ஆனாலும் சிக்னலில் ஒற்றை ஆளோடு நிற்கும் ஒவ்வொரு காரையும் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு பெருமிதம் வரும் பாருங்கள், அந்தச் சுகமே தனி.

நிர்வாகம் மனம் குளிர்ந்துபோய் கேன்டீன் சுவரில் என் படத்தை ஆளுயர ஃப்ளெக்ஸாக மாட்டியது. தலையில் ஹெல்மெட், பக்கத்தில் சைக்கிள், மேலே ‘நம் பசுமை வீரர்’. அந்தப் பிளாஸ்டிக்கின்மேல் இரவும் பகலும் எரியும் இரண்டு விளக்குகள். போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். “தொப்பை தெரியுது” என்று பதில் வந்தது.

என் டீமில் ஒரு பெண். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், ராமச்சந்திராபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் அங்கேயுள்ள பெரிய தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறார். பூமிக்கு நல்லது செய்கிறோம் என்பதே தெரியாமல் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கும் மனிதர். இவள் பாடுதான் திண்டாட்டம். பஸ் நின்றபிறகு இரண்டு ஷேர் ஆட்டோ மாறிப் போய்ச் சேர்வதற்குள் குழந்தைகள் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள். மூன்று வயது மகள் வாட்ச்மேன் பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருக்குமாம். பஸ் திரும்ப வராவிட்டால் வேலையை விடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

கேன்டீனில் நடந்த மாதக் கூட்டத்தில் அவள் எழுந்து, பஸ்ஸை மறுபடி விடச் சொல்லிக் கேட்டாள். மனிதவள அதிகாரி புன்னகை மாறாமல் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். அவரும் உங்கள் ஏரியாதானே, வயது ஐம்பதை நெருங்குகிறது, அவரால் முடிகிறதே என்றார் ஆங்கிலத்தில். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தும்மினேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். படபடப்பு வந்தால் அவள் தமிழில் அந்த ஊர் உருது கலந்துவிடும்.

“அண்ணா, இந்த சைக்கிள் நக்கோ அண்ணா, வேணாம். ப்ளீஸ்.”

“நான் பூமிக்காகத்தானேம்மா…”

“பூமி இருக்கட்டும். நீங்க மிதிக்க மிதிக்க எங்க பஸ் தூரமா போயிட்டே இருக்கு. கைக்கு அண்ணா, எதுக்கு இப்டி பண்றீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. நல்லது செய்கிறவனைப் போய் இப்படிக் கேட்கிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சந்தாநகர் வரை அவள்மேல்தான் கோபப்பட்டுக்கொண்டு மிதித்தேன். வீடு வந்து சேர்ந்தபோது அந்தக் கோபம் அவள்மேல் இல்லை.

மறுநாள் காரை எடுத்தேன். தன்னந்தனியாக, ஏசி போட்டுக்கொண்டு. “என்ன, உலகம் பொழச்சிருச்சா?” என்றாள் மனைவி. நான் செய்த தியாகங்களிலேயே கஷ்டமானது அதுதான். மற்றதில் வசதிதான் போயிற்று, இதில் நல்லவன் என்ற பேரே போயிற்று. பார்க்கிங்கில் அதிகாரி பார்த்துவிட்டார். உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்றார். பஸ்ஸை விடுங்கள், காரை விட்டுவிடுகிறேன் என்றேன். அன்றைக்கே ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். விளக்குகளை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதக் கூட்டம். இன்றைக்கும் பஸ் இல்லையென்றால் ராஜினாமா என்று அந்தப் பெண் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்டாள். அதிகாரியும் பழக்க தோஷத்தில் அதே புன்னகையோடு சுவரைப் பார்த்துக் கையை நீட்டினார். அங்கே நாலு ஆணியும் வெளிச்சமும்தான் இருந்தன. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அதை மடக்கிக்கொண்டு, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“உங்கள் ரூட்டில் மொத்தம் எத்தனை பேர் வருகிறீர்கள்?”