வாசல் தடுப்பு

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்துகிறோம். வேலை தொடங்கிய காலையில் மேஸ்திரி வாசல் தடுப்பைத் தட்டிக் காட்டினார்.

"வூடே மேல ஏறப்போவுது சார், இது இன்னாத்துக்கு? இடிச்சிடவா?"

சிமெண்ட் தூசி மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

தெருவில் புதிதாக ரோடு போடும்போதெல்லாம் எங்கள் வீடு இன்னும் பள்ளமாகும். ஏரித் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, மழைக்கு முன்பு அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை செங்கல் வைத்துப் பூசுவார். அம்மாவுக்குக் கோபம் வரும்.

"இன்னும் ஒசத்துனா நான் எப்படிங்க தாண்டுறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? கையக் குடு."

அம்மா கடைக்குக் கிளம்பினாலும் அப்பா முதலில் தாண்டி, வெளியே நின்று கை நீட்டுவார். ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு, மறு கையை அவரிடம் கொடுத்து அம்மா தாண்டுவாள்.

அப்பா இறந்த பிறகு தடுப்பை உயர்த்த அம்மா விடவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதும் விடவில்லை.

மேஸ்திரியிடம் சரி என்றேன். மதியத்துக்குள் தடுப்பு இடிபட்டு வாசல் சமமாகிவிட்டது. வேலை முடியும்வரை என் தங்கை வீட்டில் இருக்கப் புறப்பட்ட அம்மா, வாசலில் கொசுவத்தைப் பிடித்துக் காலைத் தூக்கினாள். மறு கையை வெளியே நீட்டினாள்.

"சும்மா வாங்கம்மா, அங்க ஒண்ணுமே இல்ல" என்றார் மேஸ்திரி.

அம்மா கையை மடக்கவில்லை.