சித்தியின் இடுப்புப் பிடிப்பு

நான் பிறக்கும்போது கால்களை முன்னே நீட்டிக்கொண்டு வந்தவள். அம்மாவுக்கு அது உயிர்ப் போராட்டமாக இருந்ததாம். எனக்கு அதுவே தொழிலாகிவிட்டது. காலால் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் யாரும் சந்தேகிக்காத விஷயம். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெருவில் இடுப்புப் பிடிப்புக்குப் பஞ்சமா? எட்டு வயதுக்குள் தெருவில் பாதி முதுகுகள் என் காலடி பட்டவை. கூலி ஒரு கடலை உருண்டை.

அது அறுபதுகளின் தொடக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் சித்தப்பா பின்னல் மெஷின் வைத்துப் பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் சித்தி எனக்கு முன்னால் நடந்துபோனபோது, அவள் சேலையின் பின்புறம் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. பக்கத்தில் சாயப்பட்டறை. அங்கே காயப்போட்ட நூலில் உரசிவிட்டு வருவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

"சித்தி, சீலைல சாயம் பட்டிருக்குதுங்க" என்றேன்.

சித்தி சேலையின் பின்பக்கத்தை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. நல்ல சேலை, கறை போகாதே என்று கவலைப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சாயக்கறைக்கு எங்கள் வீடு அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை. குதிரை வண்டி வந்தது. அம்மாவும் சித்தப்பாவும் சித்தியை லேடி டாக்டரிடம் கூட்டிப்போய் மத்தியானம் திரும்பினார்கள். வந்ததும் சித்தியைப் படுக்கவைத்து, கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் செங்கல் அடுக்கி உயர்த்தினார் சித்தப்பா. இறங்கக் கூடாது, குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள் அம்மா.

"சித்திக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டேன்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இடுப்புப் பிடிப்பு, கண்ணு" என்றார் சித்தப்பா.

காய்ச்சல் என்றிருக்கலாம். தலைவலி என்றிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ பொய்கள் இருக்க, என்னிடம் போய் இடுப்புப் பிடிப்பு என்றார்.

நான் உடனே காலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா அடுப்பிலிருந்து ஒரு விறகை உருவினாள். "கட்டல் பக்கம் போனீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்!" வைத்தியருக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் உண்டா?

ஒதுங்கித்தான் இருந்தேன். ஆனால் தெரு சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை என்னை மறித்து, "ஏங்கண்ணு, ஊருக்கெல்லாம் மிதிக்கிற, உங்க ஊட்டுச் சித்தி படுத்தே கெடக்குறா. உங்கால்ல சத்துப் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அம்மா குழாயடிக்குப் போனதும் சந்தர்ப்பம் வாய்த்தது. கொட்டகையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் குப்புறப் படுக்கச் சொன்னால் மாட்டேன் என்பாள். கிடைத்த இடுப்பே போதும் என்று முடிவு செய்தேன். முருகனைக் கும்பிட்டுக் கட்டிலில் ஏறி, வலது காலைத் தூக்கினேன்.

சித்தி கண்ணைத் திறந்தாள்.

அவள் போட்ட கூச்சலில் மெஷின் நின்றுவிட்டது. நான் தடுமாற, கட்டில் ஆட, செங்கல் சரிந்து கால்மாடு தடாலென்று தரையில் இறங்கியது. தலையெல்லாம் பஞ்சோடு ஓடிவந்த சித்தப்பா என்னை அப்படியே அலாக்காகத் தூக்கினார். மிதிப்பதற்கு நீட்டிய கால் நீட்டியபடியே நான் அந்தரத்தில் தொங்கினேன். வாசலில் அம்மா குடத்தைப் போட்டாள்.

"மிதிச்சுப்போட்டாளா?" என்றாள் அம்மா.

"இல்லீங்க்கா" என்று சித்தியும், "இல்லைம்மா" என்று நானும் சேர்ந்தே சொன்னோம். என் குரலில் மட்டும் ஏமாற்றம் இருந்தது.

யாரும் என்னை அடிக்காததுதான் ஆச்சரியம். அம்மா சித்தியை மெல்ல எழுப்பி உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சித்தப்பா என்னை இறக்கிவிட மறந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

அம்மா தலையை வெளியே நீட்டினாள். "ஒண்ணுமே படலீங்க தம்பி. சுத்தமா நின்னிருக்குது."

சித்தப்பா என்னோடு சேர்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். பெரிய மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து சித்தியின் சிரிப்புச் சத்தம் வந்தது. "ஏனுங்க, புள்ளையத் திட்டாதீங்க. பாவம், வைத்தியம் பண்ண வந்திருக்கா." அதைக் கேட்டு அம்மாவும் சிரித்தாள், உடைந்த குடத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சிரித்தாள்.

எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. மிதிக்கக்கூடத் தேவைப்படவில்லை, என் காலைக் கண்டதற்கே பிடிப்பு விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு அத்தையிடம் முதல் வேலையாகப் போய்ச் சொன்னேன். கொஞ்ச நாளில் சித்தி இறங்கி நடமாடினாள். அப்புறம் அவள் வயிறு பெரிதாயிற்று. ஐப்பசி மழையில் தம்பி பிறந்தான், எல்லோரையும் போலத் தலையை முன்னே நீட்டி. தொழிலுக்குப் போட்டி இல்லை என்று எனக்கு நிம்மதி.

அந்தச் சாயம் எதுவென்று புரிய, எனக்கே கல்யாணமாகி, வயிற்றுப் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் வரவேண்டியிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் இரண்டு தடவை சித்தி திடீரென்று காங்கேயத்தில் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போய், கொஞ்ச நாள் இருந்து, மெலிந்து திரும்பியிருந்தாள். விருந்தாடப் போய் வருகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். இரண்டு தடவையும் பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடிப்போய், பலகாரம் இருக்குமென்று அவள் பையைத் துழாவினேன். ஒன்றும் இல்லை.

"வெறுங்கையோடவா வந்தீங்க, சித்தி?" என்று கேட்டேன்.

"ஆமாங்கண்ணு" என்றாள்.