கூடை வைக்க இடம்

“…கும்புடலன்ற. ஆனா விடியக்காலைல வந்து அது மூஞ்சியவே பாத்துகினு நிக்கிற. நடுவுல என் பொழப்புல மண்ணு. நீயே சொல்லு நைனா, இது சாமியா, இல்லியா?”

திருவொற்றியூர் கடலோரத்தில், அலை தடுக்கக் கொட்டிய பாறைகளின் பக்கம் சங்கரா மீன் விற்கும் அக்கா என்னை நிறுத்திவைத்துக் கேட்டார். அவர் ‘இது’ என்றது நான் நட்ட கல்லை.

எனக்குச் சாமி இல்லை. வெயிலும் மழையும் கடலும் போதும் என்று வாழ்கிற ஒரு வழி உண்டு. நானாகத் தேடிப் படித்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணால் கண்டதை நம்பு, காணாததிடம் எதையும் கேட்காதே, நின்ற இடத்தைக் குப்பையாக்காதே. வருடம் திரும்பும் நாட்களைக் கொண்டாடு. ஆனால் அதை எழுதியவர்கள் குளிர் தேசத்துக்காரர்கள். பனி விழும் நாள், இலை உதிரும் நாள் என்று போட்டிருந்தார்கள். நான் பார்த்த பனியெல்லாம் ஐஸ் வண்டியிலிருந்து மீன் மேல் கொட்டுவதுதான்.

சரி, நம் ஊருக்கு நம் கணக்கு என்று தலை தட்டையான முழங்கால் உயரக் கல் ஒன்றை நட்டேன். விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று பார்த்தால், பகலும் இரவும் சமமாகிற நாளில் சூரியன் அந்தக் கல்லுக்கு நேராகக் கடலிலிருந்து எழும். விடியல் மங்கலில் தெரியட்டும் என்று சுண்ணாம்பு அடித்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

எங்கள் பக்கம் வெள்ளையடித்த கல் சும்மா இருக்காது. முதலில் மஞ்சள் வந்தது. பிறகு குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு சிவப்புப் பாவாடை. “அண்ணன் அம்மனோட பேசுது” என்று என்னைப் பற்றியும் கிளப்பிவிட்டார்கள். அன்று காலை நாலு பேர் மூங்கிலோடு வந்து, கூரை போடப்போகிறோம், சந்நிதிக்கு எதிரே கவுச்சி ஆகாது, கூடையைத் தூக்கு என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். வாடிக்கையெல்லாம் அந்த இடத்துக்குத்தான் அவரைத் தேடி வரும்.

“சாமி இல்லக்கா, வெறும் கல்லு. சூரியனப் பாக்க வெச்சேன்.”

“சூரியனப் பாக்க கல்லு எதுக்கு? அது இன்னா கண்ணுக்குத் தெரியாமயா கீது?”

இன்னும் அங்கேயே நின்ற அந்த நாலு பேரில் மூங்கில் பிடித்திருந்தவர் சிரித்தார். “வெறும் கல்லுன்னா அது மேல குந்திக் காட்டுண்ணே. நாங்க போயிகினே இருக்கோம்.”

நியாயமான பேச்சு. கண்ணால் கண்டதுதானே நம் சட்டம்! லுங்கியை மடித்துக் கட்டினேன், முதுகைத் திருப்பினேன், முழங்காலை மடக்கினேன். பாவாடை காற்றில் ஆடி என் கெண்டைக்காலைத் தொட்டது. பாதியிலேயே நின்றுவிட்டேன்.

“இன்னா நைனா, சுளுக்கா?”

“இல்லக்கா, மத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு எங்க வழியில ஒண்ணு கீது.”

அப்படி ஒன்று இருப்பது சத்தியம். அன்றைக்கு என்னை உட்காரவிடாமல் பிடித்தது அதுதானா என்று மட்டும் கேட்காதீர்கள்.

“பாத்தியா, அம்மன் வுடல!” என்று மூங்கில்காரர் கூவினார்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாமி இல்லாத உனக்கே இவ்ளோ பயமா? தள்ளு. எனக்கு சாமி கீது, நானே கேட்டுக்கறேன்.”

செருப்பைக் கழற்றினார். கல்லின் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தாயீ, பொழைக்க வேற எடமில்ல, கொஞ்சம் தள்ளிக்கோ” என்றார். பாவாடையை மரியாதையாக அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தார். சாக்கை விரித்து அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து, “சங்கரா, சங்கரா, இப்ப வந்த சங்கரா!” என்று கூவ ஆரம்பித்தார்.