மழை நாளில் எண்ணப்பட்ட தலைகள்

1. மேசைக்கு வந்த கட்டுரை

எங்கள் ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை ஜேர்னல் கிளப் நடக்கும். தாதியர் ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதை எவ்வளவு நம்பலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த மாதம் என் முறை.

தாதியருக்குத் தலைவியான மேற்றன் கட்டுரையை என் மேசையில் வைத்தார். "லேசானதுதான் நங்கி. நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள்," என்றார் சிங்களத்தில், தங்கை என்ற உரிமையோடு. எங்கள் கூட்டங்கள் எல்லாம் சிங்களத்தில்தான்.

லேசானது இல்லை. ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில், டிஸ்பென்சரிக் கட்டடத்தில், பிற்பகல்களில் நாங்கள் ஒரு பிரஷர் கிளினிக் நடத்தி வந்தோம். அதை மூடிவிட்டு எல்லோரையும் ஆஸ்பத்திரியின் காலைக் கிளினிக்குக்கு வரச் சொல்லலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த யோசனைக்கு முட்டுக்கொடுக்க வந்த கட்டுரை இது. போன வருஷம் வெளியிலிருந்து வந்த ஒரு குழு, எங்கள் காலைக் கிளினிக்கிலேயே கேள்விக்கொத்துக் கொடுத்து எடுத்த ஆய்வு. முடிவு இதுதான்: றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களும் காலையில் ஒழுங்காக வருகிறார்கள், திருப்தியாக இருக்கிறார்கள், செய்யும் தொழிலுக்கும் கிளினிக் வருகைக்கும் தொடர்பில்லை.

அட்டவணைகள் இஸ்திரி போட்ட யூனிஃபோர்ம் மாதிரி இருந்தன. ஒரு மடிப்பு பிசகவில்லை. பி வெல்யூ சரி. சாம்பிள் சைஸ் சரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் என்னை உறுத்தியது.

2. ஈரம்

முடிவுரையை விட்டுவிட்டு, ஆய்வு செய்த முறையைச் சொல்லும் மெதட்ஸ் பகுதிக்குப் போனேன். இதைப் படிக்கும் இளைய தாதியரே, எப்போதும் அங்கேதான் முதலில் போங்கள். இரண்டு வரிகள் கிடந்தன. ஒன்று, கிளினிக்குக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள். மற்றது, கேட்ட காலம் தென்மேற்கு மழைக் காலம்.

இரத்தினபுரி, கேகாலை மழையைத் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டாவது வரி போதும். மழை பெய்தால் பட்டை நனையும். வெட்டினால் பால் சிரட்டைக்கு வராமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. வெயில் நாளில் விடியலில் மலை ஏறி, மரம் மரமாக வெட்டி, பால் சேர்த்து, வாளி சுமந்து, நிறுத்துக் கொடுத்து நிமிர்வதற்குள் மத்தியானம் தாண்டிவிடும். இடையில் இறங்கினால் அரைப் பேர்தான். பாதி நாள் கூலி. ஆகவே எங்கள் மக்கள் மழை நாளில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். வெராண்டா முழுக்கக் குடை சொட்டும்.

அந்தக் குழு எண்ணியது அந்தக் குடைகளை. வெயில் நாளில் உட்கார ஆளின்றிக் காலியாகக் கிடக்கும் அதே வெராண்டா வாங்குகளை அவர்கள் பார்க்கவே இல்லை.

லெட்சுமி அக்காவிடம் கேட்டேன். பிற்பகல் கிளினிக்கில் என்னிடம் மருந்து வாங்குகிறவர், பால் வெட்டுகிறவர், வாய் நிறையக் கிண்டல்.

"போன வருஷம் பேப்பரோட வந்தவங்க ஒங்ககிட்டயும் கேட்டாங்களாக்கா?"

"கேட்டாங்களே மிஸ், மழைக்கு வெட்டு இல்லாம காலக் கிளினிக்குக்கு வந்தப்போ. கிளினிக் எப்படின்னாங்க. ஹொந்தாய், நல்லாருக்குன்னேன்."

"அவ்வளவுதானா?"

"பின்ன? மருந்து குடுக்கிற எடத்துல ஒக்காந்துக்கிட்டு கொறை சொல்லுவாங்களா? கல்யாண வீட்டுல சோறு வேகலன்னு சொல்ற மாதிரி!" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இந்த மத்தியானக் கிளினிக்க மூடிற மாட்டீங்கதானே மிஸ்?" என்றார்.

3. கூட்டம்

சொன்னேன். வராதவர்களைக் கேட்காமல் வருகையைப் பற்றிப் பேச முடியாது என்றேன். மழை நாளின் பதிலை வருஷம் முழுவதுக்கும் நீட்ட முடியாது என்றேன். மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேள்வித்தாளையும் நீட்டினால் கிடைப்பது திருப்தி அல்ல, பயம் என்றேன்.

பொறுப்பு டொக்டர் பேனாவை மூடினார். "வெயில் நாளில் வருவதில்லை என்பதற்கு உங்களிடம் டேட்டா இருக்கிறதா, மிஸ்?"

"யாரும் அதை எடுக்கவில்லை டொக்டர். அதைத்தான் குறை என்கிறேன்."

"அப்படியானால் இது டேட்டா இல்லை. கோபம்."

யாரோ சிரித்தார்கள். மேற்றன் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார், அழுகிற பிள்ளைக்கு நகர்த்துவது போல. அடுத்த மாதம் பிற்பகல் கிளினிக் மூடப்பட்டது.

4. வெயில்

பிறகு நல்ல வெயில். வானம் துடைத்துவிட்ட பித்தளை. தோட்டத்தில் பால் நன்றாக ஓடியது. எங்கள் வாங்குகளில் தூசி உட்கார்ந்திருந்தது. லெட்சுமி அக்கா வரவில்லை. தோட்டத்து ஆட்களிடம் சொல்லி அனுப்பினேன். "வெட்டு இருக்கு, மழை விழட்டும், வாறேன்" என்று பதில் வந்தது.

மழை விழுந்தது. வந்தார். மகள் தாங்கிப் பிடித்திருந்தாள். வலது கை பக்கத்தில் தொங்கியது, வேறு யாருடையதோ போல. பிரஷர் மானியை நான் இரண்டாம் தரம் பார்த்தேன், என் கண்ணை நம்பாமல்.

"எப்பருந்துக்கா இப்படி?"

"முந்தாநாள்லருந்து." நாக்குக் குழறியது. "மருந்து... தீந்து போச்சு மிஸ். மழ வரட்டும்னு... இருந்தேன்."

வாட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினேன். டொக்டர் வெராண்டாவில் நின்றார். வாங்குகள் நிறைந்திருந்தன, குடைகள் சொட்டின. அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பாருங்கள் மிஸ், வெட்டுகிறவர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள். வீணாகத்தானே சண்டை போட்டீர்கள்?"

தகரத்தில் மழை அடித்தது. "நாளைக்கு வெயிலடித்தால் இங்கேயே வந்து நில்லுங்கள் டொக்டர்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. தாழ்த்தவில்லை.

5. இளையவர்களுக்கு

எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். எண்ணிய இடத்தைக் கேளுங்கள். யாரிடம் கேட்டார்கள், எந்த வானத்தின் கீழ் கேட்டார்கள், கேட்டவர் கையில் என்ன இருந்தது, கேட்கப்படாதவர் அந்த நேரம் எந்த மலையில் நின்றார். கோபம் வந்தால் வரட்டும். ஆனால் கோபத்தோடு மட்டும் கூட்டத்துக்குப் போகாதீர்கள். நான் போனேன், பிஸ்கட் கிடைத்தது. இப்போது அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்: வெயில் நாட்களில், பால் நிறுக்கும் இடத்தில், பிரஷர் மானியோடு நின்று கேட்பதற்கு. இன்னும் பதில் இல்லை. திரும்பவும் எழுதுவேன்.

லெட்சுமி அக்கா இப்போது காலைக் கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறார். மழையென்றும் இல்லை, வெயிலென்றும் இல்லை. வெட்டுக்கத்தியை அந்தக் கை இனிப் பிடிக்காது.