ஒரு தொட்டிப் பெட்ரோலில் அக்கா போன தூரம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலர் அக்காவின் வேனில் தூங்கியிருப்பீர்கள். அப்படித் தூங்காத உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன். நான் அவருடைய ஒரே தம்பி. குருபோங்கில் லோரி ஓட்டுகிறேன்.

அக்கா பிறந்தது மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா எங்கள் சிறு வயதிலேயே இறைவனிடம் சென்றுவிட்டார். அப்பா இருட்டோடு பால் வெட்டப் போய்விடுவார். என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பியவர் என்னைவிட ஆறே வயது மூத்த அக்காதான். பள்ளியை முடித்ததும் தொழிற்சாலை வேலைக்குப் போனார். மாமாவைக் கைப்பிடித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மாமாவின் சிறுநீரகங்கள் பழுதானபோது அக்கா வேலையை விட்டார். வாரத்தில் மூன்று நாள் தெங்கேராவில் உள்ள நிலையத்துக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பழைய ஏழு இருக்கை வேனை வாங்கினார்கள். ஏற்கெனவே இரண்டு வீடுகளில் ஓடிக் களைத்த வண்டி. அதே தாமான் குடியிருப்பில் இருந்த மணியம் அண்ணனுக்கும் இன்னும் இருவருக்கும் அதே நாள்களில் சிகிச்சை என்று தெரிந்ததும் அவர்களையும் ஏற்றிக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகளில் மாமா காலமானார். அடக்கம் முடிந்த மறுநாள் மணியம் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். நான் அருகில்தான் இருந்தேன்.

“தங்கச்சி, நாங்க வேற வழி பாத்துக்கறோம்மா. நீ எதுவும் யோசிக்காத.”

“அஞ்சு மணிக்கு வாசல்ல நில்லுங்கண்ணே. எப்பவும் போலத்தான்,” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.

சில மாதங்கள் கழித்துப் பங்குத் தந்தை வழியாக ஒரு வேண்டுகோள் வந்தது. செம்பனைத் தோட்டத்தின் உள்ளே லூர்து என்ற பெண்மணி தனியாக இருக்கிறார், பேருந்து கிடையாது, வாரத்தில் ஒரு சிகிச்சை தவறிவிடுகிறது, ஏற்றிக்கொள்ள முடியுமா என்று. பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் போய்த் திரும்புவது நீண்ட சுற்று. வேனோ பெட்ரோலைக் குடித்தது. தொட்டியை நிரப்பினால் நான்காவது பயணத்திலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். கூட வருபவர்கள் எண்ணெய்க்கென்று தங்களால் முடிந்ததைத்தான் கொடுத்தார்கள். அதற்கு மேல் கேட்க அக்காவுக்கு வாய் வராது. இப்போதைக்கு முடியாது என்று தந்தையிடம் சொல்லிவிட்டு வந்தவர், அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

“அந்த வண்டியை வித்திடுக்கா. பழைய காடி, அப்படித்தான் குடிக்கும் லா,” என்றேன் நான்.

“குடிக்குதுன்னா எங்கியோ ஒழுகுது, இல்ல எதையோ இழுக்குது. என்னான்னு பாக்கணும்,” என்றார் அக்கா.

அன்றிலிருந்து அந்த வேனை அவர் ஒரு நோயாளியைப் போலக் கவனிக்கத் தொடங்கினார். ஒருநாள் தெங்கேராவில் எல்லாரையும் இறக்கிவிட்டு வேனைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். மூன்று சக்கரங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. முன்னால் இடது பக்கம் மட்டும் அடுப்புபோலக் கொதித்தது. மிதிக்காத நேரத்திலும் அந்தச் சக்கரத்தை பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டறைக்கார ஆ செங் அங்கிள் அதைக் கழற்றிச் சரி செய்தார். எவ்வளவு தூரம் ஓடினாலும் சூட்டு முள் பாதிக்கு ஏறுவதில்லை என்பதையும் அக்கா கவனித்துச் சொன்னார். சூட்டைக் காக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தது. இன்ஜின் குளிரிலேயே ஓடியதால் பெட்ரோல் வீணாகியிருக்கிறது. அதையும் மாற்றினார்கள். இத்தனை வருடம் லோரி ஓட்டும் எனக்கு இவை இரண்டும் தோன்றவில்லை.

வாரம் ஒருமுறை காலையில் டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே காற்றுப் பார்த்தார். நோயாளிகளுக்காகக் காத்திருக்கும் நான்கு மணி நேரமும் ஏர்கோனுக்காக இன்ஜினை ஓட விடும் வழக்கத்தை நிறுத்தினார். கடல் காற்று வரும் பக்கமாக ஒரு மரத்தடியில் பாய் விரித்து அமர்ந்து செபமாலை சொன்னார்.

நானும் என் பங்குக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு காந்தம் வாங்கி வந்தேன். பெட்ரோல் குழாயில் மாட்டினால் பாதி எண்ணெய் மிச்சம் என்று விற்றவன் சத்தியம் செய்தான். அக்கா மறுக்காமல் மாட்டிக்கொண்டார். இரண்டு தொட்டி ஓட்டிப் பார்த்தார். ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. பிறகு அந்தக் காந்தம் குளிர்பெட்டிக் கதவில் சிகிச்சை அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நின்றது. “நல்ல காந்தம்தான் தம்பி, இடம்தான் மாறிப்போச்சு,” என்றார்.

கூரைமேல் இருந்த இரும்புத் தாங்கியை மட்டும் அவர் வெகுநாள் தொடவில்லை. எல்லாரும் பினாங்குக்குப் போகும்போது பைகளைக் கட்டலாம் என்று மாமா ஆசையாக வாங்கி மாட்டியது அது. அந்தப் பயணம் நடக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனபோது, அக்கா முக்காலிமேல் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கைகொடுக்கப் போனேன். “நானே கழட்டறேன்,” என்றார். கழற்றி முடித்ததும் அதை ஈரத்துணியால் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

அடுத்த பயணத்தில் வேனுக்குள் ஏதோ மாறியிருந்ததாக மணியம் அண்ணன் பிற்பாடு சொன்னார். காற்றைத் தடுத்து எண்ணெயைத் தின்ற தாங்கி போனதும், கூரையில் காற்று இரைந்துகொண்டே இருந்த சத்தம் நின்றுபோயிருந்தது. அக்காவும் இப்போது வேறு விதமாக ஓட்டினார். முடுக்குவதுமில்லை, பட்டென்று பிரேக் போடுவதுமில்லை. தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே காலை எடுத்துவிடுவார். வேன் தானாகவே மெல்ல ஊர்ந்து போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும். எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி ஓட்டினார். ஆனால் சிகிச்சை முடிந்து குமட்டலோடும் தலைச்சுற்றலோடும் திரும்புகிறவர்கள் வழியில் வாந்தி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கண் மூடினார்கள். கடலோரச் சாலையில், வயல்களையும் தென்னைகளையும் தாண்டி, தூங்குகிறவர்களைச் சுமந்துகொண்டு அந்த வேன் தண்ணீரில் போவதுபோலப் போகும்.

ஆறாவது பயணம் முடிந்து திரும்பிய நாளிலும் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. வேனில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். தூக்கம் கலையும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்களாம். அக்கா அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு, அப்படியே செம்பனைத் தோட்டத்துக்குள் வேனைத் திருப்பினார். லூர்து அக்காவின் வீட்டு வாசலில் நின்று, “அடுத்த செவ்வாய்க்கிழமைலேர்ந்து விடிய நாலே முக்காலுக்கு ரெடியா இருங்க,” என்றார். அதன் பிறகு லூர்து அக்காவுக்கு ஒரு சிகிச்சைகூடத் தவறவில்லை.

சென்ற ஆண்டு அக்காவின் இதயம் பலவீனமாகிவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். நான் வேலையில் மாலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு வேனை எடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முதல் நாள் நான் லோரி ஓட்டுவதுபோல ஓட்டினேன். திரும்பும் வழியில் லூர்து அக்கா வாந்தி எடுத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா திட்டவில்லை.

“முன்னால போற காடிய பாக்காத தம்பி. அதுக்கும் முன்னால என்னா நடக்குதுன்னு பாரு. அப்ப பிரேக்கே தேவப்படாது.”

மூன்று வாரங்கள் அப்படி வந்தார். பிறகு மருத்துவமனையில் படுத்துவிட்டார். ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான் அவர் கட்டிலருகே இருந்தேன். போக மனம் வரவில்லை.

“நீ இங்க உக்காந்து என்னா செய்யப் போற? அவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. போ,” என்றார்.

நான் போனேன். சிகிச்சை முடிந்து எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது என் மனைவி அழைத்தாள். அக்கா அமைதியாகப் போய்விட்டார் என்றாள். வேனில் இருந்தவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. களைத்துப்போன நான்கு பேரை வீடு சேர்க்க வேண்டியிருந்தது. கண் மறைக்கும்போதெல்லாம் துடைத்துக்கொண்டு, அக்காவின் வேகத்திலேயே ஓட்டினேன். அவர்கள் தூங்கினார்கள். கடைசியாக லூர்து அக்காவைத் தோட்டத்தில் இறக்கிவிட்டபோதுதான் சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர், தினமும் வந்து செபித்த பங்குத் தந்தை, அன்பியக் குடும்பங்கள், சமைத்துக் கொண்டுவந்த தாமான்வாசிகள், இன்றுவரை வேனைத் தன் சொந்த வண்டிபோலப் பார்த்துக்கொள்ளும் ஆ செங் அங்கிள், தொலைவிலிருந்து வந்திருக்கும் சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மணியம் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. சென்ற மாதம் திரும்பி வரும்போது வழியில் லேசாக மழை தூறியது. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கண் திறக்காமலே, தூக்கத்தில், “தங்கச்சி, வந்தாச்சா?” என்றார்.

நான் திருத்தவில்லை.

“இன்னும் கொஞ்ச தூரம் இருக்குண்ணே. தூங்குங்க.”