நாய்க்கு மாலை இருந்தது

மைதீன் ராவுத்தர் இறந்த செய்தி எனக்கு ஒரு சினிமா நோட்டீஸின் அடியில் கிடைத்தது. சித்தூர்க் கடைவீதியில் மாட்டுவண்டியிலிருந்து தமுக்கடித்தபடி வீசிக்கொண்டு போனார்கள். ரோஸ் நிறத் தாள். மேலே படத்தின் பெயர், நடிகர்களின் பெயர்கள், பாட்டுகள், சண்டைகள். அடியில் பொடி எழுத்தில்: நமது கொட்டகையின் முன்னாள் ஆபரேட்டர் மைதீன் ராவுத்தர் மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில் காலமானார். ஞாயிறு மாட்டினிக்கு முன் பத்து நிமிடம் அனுதாபக் கூட்டம். காட்சிகள் வழக்கம்போல் நடைபெறும்.

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். அதில் மட்டும்தான் பொய் இல்லை.

எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் டூரிங் கொட்டகை இருந்த வருஷங்களில் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் அனைவருக்கும் ராவுத்தரைத் தெரியும். தெரியும் என்றால், அவருடைய முதுகைத் தெரியும். தகரத் தடுப்புக்குப் பின்னால் வியர்வையில் ஒட்டிய பனியன். முதலாளி சின்னச்சாமியின் முகத்தைத்தான் ஊர் பார்த்தது. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். நெல்வயல்காரரின் மகன் ஒருவர், துணிக்கடைக்காரரின் மகன் மற்றவர். சினிமாப் பைத்தியம் இருவருக்கும் பொது. இயந்திரத்தைக் கோயமுத்தூரிலிருந்து வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தபோது ஒருவர் வண்டியில் உட்கார்ந்து வந்தார். மற்றவர் இயந்திரம் ஆடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தே வந்தார். எவர் நடந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. கொட்டகை எழுந்த நாளிலிருந்து ராவுத்தர் தன் சிநேகிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “நாலு பேர் முன்னால முதலாளிய முதலாளின்னுதான் சொல்லணும்” என்பார். நாலு பேர் இல்லாத இடத்திலும் அப்படியே சொன்னார்.

ஒரு சிரிப்புப் படம் வந்தது. பெயர் வேண்டாம், அதற்கு அந்த மரியாதை தேவையில்லை. கதாநாயகன் பணக்காரப் பெண்ணைக் காதலிக்கிறான். நண்பன் கடிதம் கொண்டுபோகிறான், நாயகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் வாங்கவேண்டிய அடியை வாங்குகிறான், அவனுக்குப் பதிலாக லாக்கப்பில் படுக்கிறான். கடைசியில் கல்யாணம். பெண்ணின் தகப்பன், அத்தை, வேலைக்காரி, போலீஸ் இன்ஸ்பெக்டர், திருந்திய வில்லன், எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். நாய்க்குக்கூட ஒரு மாலை. நண்பன் இல்லை. அவன் எங்கே போனான் என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. படமெடுத்தவர்களும் கேட்கவில்லை. திரையில் வணக்கம்.

கேட்டது மாராத்தாள். நடவுக்குப் போகிறவள். முதல் நாள் மாலைக் காட்சி முடிந்து எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது அவள் தகரத் தடுப்பருகே போய் நின்றாள்.

“ஏனுங் ராவுத்தரே, அந்தச் சிநேகிதப் பையன் எங்கீங்க போனான்? அவனில்லாம என்னுங்க கல்யாணம்?”

ராவுத்தர் சுருளைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “வந்துட்டிருப்பான் மாராத்தா. வண்டி தாமசம்.”

அருகில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சென்னையில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் ஊரில் இருந்தேன். படத்தையும் பார்த்தவர்களையும் சமமாக இகழ்ந்துகொண்டு மூன்றாம் முறையாகப் பார்க்கத் தயாராக இருந்தேன்.

மறுநாள் பகலில் ராவுத்தர் மூன்றாவது ரீலை எடுத்து ஒரு துண்டை வெட்டினார். நண்பன் வைக்கோல் வண்டியில் ஒளிந்து தப்பித்து, தலையில் வைக்கோலோடு எழுந்து சிரிக்கும் துண்டு. அதைக் கல்யாணத்துக்கும் வணக்கத்துக்கும் நடுவில் ஒட்டினார். அன்று மாலை நாதஸ்வரம் சட்டென்று நின்றது. மாட்டுமணிச் சத்தம். வைக்கோல் ஒட்டிய தலையோடு நண்பன் எழுந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். கிழிந்த சட்டை. கல்யாண வீட்டுக்கு நேராக வண்டியில் வந்து இறங்கியவன் போலவே இருந்தான். கொட்டகை எழுந்து நின்று விசிலடித்தது. மாராத்தாள் பக்கத்துப் பெண்ணிடம், ராவுத்தர் பொய் சொல்லமாட்டார் என்று நேற்றே தனக்குத் தெரியும் என்றாள்.

நான் போய் அவரிடம் இது தவறு என்றேன். படைப்பின் ஒருமை கெடுகிறது என்றேன். படத்தொகுப்பைப் பற்றி இங்கிலீஷில் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த நாயை வெட்டலாமான்னு பார்த்தேன் தம்பி. பாவம், அதுவும் ரெண்டு சீன்ல வேல செஞ்சிருக்கு. விட்டுட்டேன்” என்றார்.

படம் மூன்று வாரம் ஓடியது. முடிவுக்காகவே மறுபடியும் வந்தார்கள். முதலாளி தினமும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நண்பன் வரும்போது தொடையில் தட்டிச் சிரித்தார். இதை நான் பார்த்தேன். ஊரும் பார்த்தது. பெட்டி திரும்பிப் போகும்முன் ராவுத்தர் அந்தத் துண்டை அதன் இடத்திலேயே வைத்து ஒட்டி அனுப்பினார்.

விஷயம் வெளியே வந்தது நம் ஊர்க்காரர்களின் நேர்மையால்தான். சில மாதம் கழித்து மாடு பிடிக்கக் கோயமுத்தூர் போன ஆறு பேர், அங்கே ஒரு தியேட்டரில் அதே படம் மறுபடி ஓடுவதைக் கண்டு உள்ளே போனார்கள். கல்யாணம் முடிந்தது. வணக்கம் வந்தது. விளக்கு எரிந்தது. ஆறு பேரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஓராள் வரவேண்டும் என்றார்கள். படம் அவ்வளவுதான் என்றான் டிக்கெட் கிழிப்பவன். எங்கள் ஊரில் வந்தானே, நீங்கள்தான் வெட்டிவிட்டீர்கள் என்றார்கள். பட்டணத்துக்காரர்கள் எல்லாவற்றிலும் வெட்டுவார்கள் என்று ஒருவர் உரக்கச் சொன்னாராம். மானேஜர் வந்தார், போலீஸ்காரர் வந்தார். எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊர்ப்பெயரைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

படக் கம்பெனிக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒட்டுகள் தெரிந்தன. இங்கிலீஷில் கடிதம் வந்தது.

அதைப் படித்துச் சொல்ல முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். இது உமது சம்மதத்தோடு நடந்ததா, ஆம் என்றால் இனி உமக்குப் படம் இல்லை, இதுதான் கடிதம். வாசல் நிலையைப் பிடித்தபடி ராவுத்தர் நின்றிருந்தார். முதலாளி மீசையைத் தடவினார். பிறகு என்னிடம், “எழுதுங்க தம்பி. எனக்கொண்ணும் தெரியாது, ஆப்பரேட்டர் தன்னிச்சையாப் பண்ணிட்டான், அவனை நிறுத்தியாச்சுன்னு எழுதுங்க” என்றார். ராவுத்தரை அவர் பார்க்கவில்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு தூண் நிற்பதுபோல் பேசினார்.

எழுதினேன். கோழைகள் பொதுவாகத் தவறாக எழுதுவார்கள். நான் ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். ‘தன்னிச்சையாக’ என்பதற்கு நல்ல சொல் ஒன்று தேடிப்பிடித்து வைத்தேன். படைப்பின் ஒருமை பற்றி ஒரு வாக்கியம்கூடச் சேர்த்தேன், யாரும் கேட்காமலே.

“நல்லா எழுதியிருக்கா தம்பி?” என்றார் ராவுத்தர் வாசலிலிருந்து.

நான் தலையாட்டினேன். அவர் முதலாளியிடம் திரும்பினார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பெயர் சொன்னார்.

“சின்னு, திங்கக்கிழமை மெஷினுக்கு எண்ணெ போடணும். மறந்துராத.”

அதோடு போய்விட்டார். அவருக்கு அந்த இயந்திரத்தைத் தவிர வேறு ஆசை இருந்ததில்லை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொட்டகையும் அவரை எடுக்கவில்லை; என் கடிதம் அவ்வளவு நன்றாக இருந்தது. மலைமேல் எஸ்டேட் ஊரான பள்ளிவாசலில் தங்கையின் கணவர் வைத்திருந்த மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனார்.

ஒரே ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். குளிருக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தார். எஸ்டேட் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சின்னக்கானலிலிருந்து வந்த ஒருவர், “என்ன அண்ணாச்சி, பருப்புப் பொட்டலத்தப் பிலிம் ரோலு மாதிரி சுத்துதியளே” என்று கேலி செய்ய, கடையே சிரித்தது. ராவுத்தரும் சிரித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக முதலாளியைத் திட்டினேன், அவரும் சேர்ந்து திட்டுவார் என்று எதிர்பார்த்து. அவர் புது ஆபரேட்டர் எப்படி என்று கேட்டார். ரீல் மாற்ற நேரம் எடுக்கிறானா, ஆட்கள் கத்துகிறார்களா என்று கேட்டார். எண்ணெய் போடுகிறார்களா என்பதை மட்டும் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். அதை வாங்கிக்கொள்ளவும் எனக்குக் கூச்சமிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். இப்போது கொட்டகை இல்லை, சுவர் வைத்த தியேட்டர். மேடையில் முதலாளி, பஞ்சாயத்துப் பெரியவர்கள், செங்கல் கொடுத்தவர், விளக்கு மாட்டியவர். வரிசையாக. ராவுத்தரின் படம் ஒன்றுகூட அகப்படவில்லையாம். கொட்டகையில் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் அவர் விளக்குக்குப் பின்னால் நின்றிருக்கிறார். ஆகவே பழைய இயந்திரத்தை மேடையில் ஏற்றியிருந்தார்கள். அது துருப்பிடித்திருந்தது. முதலாளி அதற்கு மாலை போட்டார். ராவுத்தர் தனக்கு உடன்பிறவாத சகோதரர் என்றார். குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். ஏழில் முடிந்தது.

பிறகு படம். அதிலும் கல்யாணம், அதிலும் வரிசை. வணக்கம் வந்ததும் நாற்காலிகள் படபடவென்று மடங்கின. நான் எழுந்திருக்கவில்லை. இது பக்தியல்ல. அந்தக் கூட்டத்தோடு ஒரே வாசலில் நெருக்கிக்கொண்டு போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

துடைப்பத்தோடு வந்த ஆள், “படம் முடிஞ்சுதுங்க” என்றான்.

எழப்போனேன். முன் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. மாராத்தாள். அவளும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரு சாமி, என்ன அவசரம். ஒராளு வரோணும். வண்டி தாமசம்.”

உட்கார்ந்தேன். துடைப்பக்காரன் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பெருக்கினான்.

ராவுத்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான். அவர் பொறுமை எனக்கு வரவில்லை, அன்பும் வரவில்லை. வணக்கம் என்று திரை சொன்ன பிறகும் அதை நம்பாமல் உட்கார்ந்திருக்க மட்டும் கற்றுக்கொண்டேன்.